வண்ணம் தேர்வது யார்?

நுழையும்முன்

உயிரினங்களின் உடலில் உள்ள நிறத்துக்கும் கோலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பகைக்குத் தப்புதல், இரையை அணுகுதல், வெயிலையும் குளிரையும் தாங்குதல் ஆகிய தேவைகளுக்கு ஏற்பத் தலைமுறை தலைமுறையாக இயற்கை தேர்ந்தெடுத்தவை அவை. அந்தத் தேர்வை மனிதர் தம் கையில் எடுத்துக்கொண்டால் என்ன நிகழும்? அமெரிக்காவின் அரசப்பாம்புகள் இவ்வினாவுக்கு விடை தருகின்றன. அவ்விடை ஒரு தீவின் உயிர்ச்சூழலையே உலுக்கியது.

பாம்புகளை உண்ணும் பாம்பு

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ஓரிகன் மாநிலத்திலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை பரவி வாழ்வது கலிபோர்னிய அரசப்பாம்பு. நம் நாட்டுக் காடுகளில் வாழும் இராஜநாகத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. இராஜநாகம் கொடிய நஞ்சுடையது, அரசப்பாம்போ நஞ்சற்றது. இரையைச் சுற்றி வளைத்து இறுக்கிக் கொல்வதே இதன் வழக்கம். ஆயினும் இவ்விரண்டிற்கும் ஒரு பண்பு பொதுவானது. இரண்டும் பிற பாம்புகளை உண்ணும். கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சைத் தாங்கும் ஆற்றலும் அரசப்பாம்புக்கு உண்டு. பிற பாம்புகளை வென்று உண்பதாலேயே 'அரச' என்னும் அடைமொழி இதற்கு வாய்த்தது என்பர்.

இதன் பேரினப்பெயர் 'லாம்ப்ரோபெல்டிஸ்'. கிரேக்க மொழியில் இதற்கு 'ஒளிரும் கேடயம்' என்பது பொருள். வழவழப்பாக மின்னும் செதில்களைக் கண்டு இட்ட பெயர் இது. பெரும்பாலான பாம்புகளின் உடலில் கருமை அல்லது பழுப்பு நிறமும் வெண்மை அல்லது இளமஞ்சள் நிறமும் மாறிமாறி வளையங்களாக அமைந்திருக்கும். பாலை நிலப் பகுதிகளில் கருமையும் வெண்மையும் தெளிவாகப் பிரிந்து தோன்றும். கடற்கரைப் பகுதிகளில் பழுப்பும் மஞ்சளும் கலந்த தோற்றம் மிகுதி. இவ்வாறு இடத்துக்கு இடம் நிறம் மாறுபடுவது இயல்பு. ஆனால், ஒரே இடத்தில் வாழும் அரசப்பாம்புகளுக்குள்ளேயே காணப்பட்ட வேறுபாடு ஒன்று அறிவியலாளரை நெடுங்காலம் குழப்பியது.

ஒரு தாய், இரு கோலங்கள்

கலிபோர்னியாவின் தென்மேற்கு மூலையில் உள்ள சான் டியேகோ பகுதியில் இருவகை அரசப்பாம்புகள் காணப்பட்டன. ஒன்றின் உடலில் வளையங்கள் இருந்தன. மற்றொன்றின் முதுகில் கழுத்திலிருந்து வால்வரை ஒரே நீள்கோடு ஓடியது. தோற்றத்தில் இவை முற்றிலும் வேறானவை என்பதால், நீள்கோடுடைய பாம்புக்கு 1835ஆம் ஆண்டிலும் வளையமுடைய பாம்புக்கு 1853ஆம் ஆண்டிலும் தனித்தனி இனப்பெயர்கள் இடப்பட்டன.

இக்குழப்பத்தைத் தீர்த்தவர் லாரன்ஸ் கிளாபர் (1883–1968). அவர் தொழிலால் மின்பொறியாளர். தாம் பணியாற்றிய மின்நிறுவனத்தின் தலைவராகவும் உயர்ந்தவர். பாம்புகளின் மீதான ஈடுபாட்டால் தம் ஓய்வு நேரத்தை அவற்றின் ஆய்வுக்கே செலவிட்டார். சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையின் ஊர்வனப் பிரிவுக்கு மதியுரைஞராகவும் விளங்கினார்.

காட்டில் பிடித்த பெண் பாம்புகள் இட்ட முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்கச் செய்தார் கிளாபர். ஒரு தாய் ஒரே முறையில் இட்ட முட்டைகளிலிருந்து வளையமுடைய குட்டிகளும் நீள்கோடுடைய குட்டிகளும் வெளிவந்தன. உடன்பிறந்தவை இரு வேறு இனங்களாக இருக்க இயலாதன்றோ? இரண்டும் ஓரினத்தின் இரு கோலங்களே என்பதை 1936ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலவிய இரு பெயர்க் குழப்பம் முட்டையோடு உடைந்தது.

ஓரினத்துக்குள்ளேயே தெளிவாகப் பிரித்தறியத்தக்க தோற்றங்கள் இயல்பாக இருப்பதைப் 'பல்லுருமை' என்பர். கிளாபரின் கண்டுபிடிப்பு பல்லுருமைக்கு அழகியதொரு சான்று. ஆனால், அது மற்றொரு வினாவையும் எழுப்பியது. ஒரே இடத்தில் இரு கோலங்களும் நிலைத்திருக்க இயற்கை ஏன் இடம் தந்தது?

கோலமும் ஓட்டமும்

பாம்பின் கோலத்தை அதன் ஓட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நீள்கோடுடைய பாம்பு நேராக விரையும்போது, துரத்தும் பறவையின் பார்வை பற்றி நிற்க அதன் உடலில் தனிப்புள்ளி எதுவும் அமைவதில்லை. கோடு அப்படியே நிற்பதுபோலத் தோன்றும். அதற்குள் பாம்பு வழுக்கிச் சென்றுவிடும். வளையங்களோ, பாம்பு அசையாதிருக்கும்போது அதன் உடல் வடிவத்தைத் துண்டு துண்டாக உடைத்துக் காட்டும். சருகும் நிழலும் கலந்த தரையில் அவ்வுடலைப் பாம்பென்று அறிவதே கடினம்.

இதனைக் களத்தில் ஆராய்ந்தவர் எட்மண்ட் பிராடி என்னும் இளம் அறிவியலாளர். ஓரிகன் மாநிலத்தில் வாழும் கார்ட்டர் பாம்பு என்னும் வேறோர் இனத்தின் குட்டிகளை அவர் தேர்ந்துகொண்டார். அவற்றின் கோலத்தையும் அவை ஓடும் முறையையும் பதிவுசெய்து, அடையாளமிட்டுக் காட்டில் விட்டார். பின்னர் எவை உயிரோடு எஞ்சின என்று தேடினார். நீள்கோடுடைய குட்டிகளுள் நேராக ஓடியவையும், கோடில்லாத குட்டிகளுள் திடீர்திடீரெனத் திரும்பி ஓடியவையுமே மிகுதியாகப் பிழைத்திருந்தன. இம்முடிவுகள் 1992ஆம் ஆண்டில் வெளிவந்தன. கோலம் தனித்து நின்று காப்பதில்லை. அதற்கேற்ற நடத்தையோடு இணையும்போதே அது காக்கிறது என்பதை அவ்வாய்வு உணர்த்தியது.

அரசப்பாம்பின் உறவினமான செவ்வரசப்பாம்பு இன்னொரு வழியைக் கையாளுகிறது. அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் இந்நஞ்சற்ற பாம்பு, அங்குள்ள கொடிய பவளப்பாம்பைப் போலவே சிவப்பு, மஞ்சள், கறுப்பு வளையங்களைக் கொண்டது. நஞ்சற்ற உயிரி நஞ்சுடையதைப் போலத் தோன்றிப் பிழைக்கும் இவ்வழியை 1862ஆம் ஆண்டில் பட்டாம்பூச்சிகளைக் கொண்டு விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். களிமண்ணாலான பாம்புருவங்களை வண்ணம் தீட்டிக் காடுகளில் வைத்து டேவிட் பெனிக் குழுவினர் இதனைச் சோதித்தனர். பவளப்பாம்பு வாழும் இடங்களில் வளையமிட்ட உருவங்களை விலங்குகள் பெரிதும் தவிர்த்தன. பவளப்பாம்பே இல்லாத இடங்களில் அவ்வச்சம் காணப்படவில்லை. 2001ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு ஒரு நுட்பத்தைத் தெளிவாக்கியது; ஒரு நிறத்தின் மதிப்பு அந்நிறத்தில் மட்டும் இல்லை. அதனைக் காணும் கண்களிலும், அந்நிலத்தில் உடன்வாழும் உயிர்களிலும் அது அடங்கியுள்ளது.

மறைந்து வாழும் மரபணு

காட்டிலும் அரிதாக நிறமியற்ற பாம்புகள் பிறப்பதுண்டு. அவற்றை அல்பினோ என்பர். மெலனின் என்னும் கருநிறமி உருவாகாமையால் கருமை இருக்கவேண்டிய இடம் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். கண்கள் சிவந்து தோன்றும். மஞ்சள் நிறமி அழியாமையால் வளையங்கள் மங்கலாகத் தெரியும்.

இப்பண்பு ஒடுங்கு மரபணுவால் வருவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அம்மரபணுவைப் பெற்ற குட்டியே அல்பினோவாகப் பிறக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றது இயல்பான நிறத்தோடு தோன்றும். ஆனால், மரபணுவைச் சுமந்துகொண்டிருக்கும். ஓர் எளிய கணக்கால் இதனை விளங்கிக்கொள்ளலாம். ஒரு காட்டில் அம்மரபணுவின் பங்கு நூற்றில் ஒன்று எனக் கொள்வோம். இரு பெற்றோரிடமிருந்தும் அது வந்து சேரும் வாய்ப்பு பதினாயிரத்தில் ஒன்று. அப்படியாயின் 10,000 பாம்புகளுள் அல்பினோ ஒன்றுதான். ஆனால், இயல்பான தோற்றத்துக்குள் அம்மரபணுவை மறைத்து வைத்திருப்பவை 198. கண்ணுக்குத் தெரிவது ஒன்று. தெரியாமல் இருப்பது ஏறத்தாழ இருநூறு.

காட்டில் பிறக்கும் வெளிறிய குட்டி பருந்தின் கண்ணிலும் நரியின் கண்ணிலும் எளிதில் படும். அது வளர்ந்து இணைசேரும் வாய்ப்பு குறைவு. எனவே, அந்நிறம் காட்டில் பெருகுவதில்லை. மரபணுவாக மட்டும் தலைமுறைகளுக்குள் மறைந்து வாழ்கிறது.

பெட்டிக்குள் ஒரு தேர்வு

கலிபோர்னிய அரசப்பாம்பு நஞ்சற்றது, அமைதியானது, கொடுத்த உணவை உண்டு பெட்டிக்குள் நெடுங்காலம் வாழ்வது. ஒரு முறைக்கு ஏறத்தாழ 5 முதல் 12 முட்டைகள் இடும். இக்காரணங்களால் வளர்ப்புப் பாம்பாக அது பல நாடுகளுக்கும் பரவியது. வளர்ப்போர் அரிய நிறத்தையே விரும்பினர். அரிய நிறத்துக்கே விலையும் மிகுந்தது.

அல்பினோ ஒன்றும் இயல்பான பாம்பு ஒன்றும் இணைந்தால் பிறக்கும் குட்டிகள் யாவும் இயல்பான நிறத்தோடு இருக்கும். ஆனால், அனைத்தும் அம்மரபணுவைச் சுமக்கும். அவற்றுள் ஒன்றை மீண்டும் அல்பினோவோடு இணைத்தால் அடுத்த தலைமுறையில் ஏறத்தாழப் பாதி அல்பினோவாகும். காட்டில் பதினாயிரத்தில் ஒன்றாக இருந்தது, பெட்டிக்குள் இரண்டே தலைமுறையில் இரண்டில் ஒன்றாகிவிடுகிறது. இவ்வாறே இளம்ஊதா நிறத்தவை, கருமை குறைந்தவை, உடலெல்லாம் வெண்மை படர்ந்தவை எனப் பல வழித்தோன்றல்கள் உருவாக்கப்பட்டன.

காட்டில் தேர்வு செய்வோர் பலர். பருந்து, நரி, மண்ணின் நிறம், வெயில், இரையின் பார்வை ஆகிய அனைத்தும் ஒருசேரத் தேர்வு செய்கின்றன. அத்தேர்வில் நிறம், ஓட்டம், உடல்நலம், அறிவுக்கூர்மை யாவும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன. பெட்டிக்குள் தேர்வு செய்வது மனிதரின் விருப்பம் ஒன்றே. அது பெரும்பாலும் நிறத்தை மட்டுமே நோக்குகிறது. வேண்டிய நிறத்தை நிலைநிறுத்த நெருங்கிய உறவுடைய பாம்புகளையே இணைசேர்க்கும் உட்கலப்பு முறையும் கையாளப்படுகிறது. அப்போது நிறத்தோடு மறைந்துள்ள குறைகளும் சேர்ந்து வெளிப்படுகின்றன.

இத்தகைய வளர்ப்பால் நன்மை விளைந்ததும் உண்டு. பெட்டியில் பிறந்த குட்டிகள் கிடைத்தமையால் காட்டுப் பாம்புகளைப் பிடித்து விற்கும் தேவை குறைந்தது. நிறங்கள் எவ்வாறு மரபுவழியாகச் செல்கின்றன என்னும் அறிவும் வளர்ந்தது. கிளாபருக்கு உண்மையைக் காட்டியதும் மனிதர் கையில் பொரித்த முட்டைகளே. ஆகவே, வளர்த்தல் தன்னளவில் தீதன்று. பெட்டியின் மூடி திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணாமல் வளர்த்ததே தீதாயிற்று.

தெரிந்து தெளிவோம்

ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பில் 'ஸ்பைடர்' எனப்படும் வளர்ப்பு வகை ஒன்று உண்டு. சிலந்தி வலை போன்ற அதன் மெல்லிய கோலத்துக்காக அது விரும்பி வளர்க்கப்பட்டது. ஆனால், அவ்வகைப் பாம்புகளின் தலை ஓயாமல் தள்ளாடும். இரையைக் குறிபார்த்துப் பிடிப்பதிலும் தடுமாற்றம் ஏற்படும். கோலத்தைத் தரும் அதே மரபணு, உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவியின் அமைப்பையும் பாதிப்பதாக 2022ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது.

பாம்பில்லாத தீவில் ஒரு பாம்பு

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ளது கிரான் கனேரியா. ஸ்பெயின் நாட்டுக்கு உரிய இத்தீவு ஏறத்தாழ 1,560 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. எரிமலைகளால் உருவாகிய இந்நிலத்தில் இயல்பாகப் பாம்புகளே இல்லை. அங்குள்ள பூர்விக ஊர்வன பெரும்பல்லி, அரணை, மரப்பல்லி என மூவகையின. பெரும்பல்லி ஏறத்தாழ 80 செ.மீ. நீளம்வரை வளரும்; கனிகளை உண்டு விதைகளைப் பரப்பும். பெரும்பல்லியும் அரணையும் இத்தீவுக்கே உரியவை. பாம்பைக் கண்டறியாத இவ்வுயிர்களுக்குப் பாம்பிடமிருந்து தப்பும் வழியும் தெரியாது.

அத்தீவில் 1998ஆம் ஆண்டில் கலிபோர்னிய அரசப்பாம்பு முதன்முதலாகக் காணப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அது அங்கேயே இனம்பெருக்கி நிலைத்துவிட்டது தெரியவந்தது. கடல்கடந்து அது தானே வந்திருக்க இயலாது. அப்படியாயின் எங்கிருந்து வந்தது? பிடிபட்ட பாம்புகளின் உடலிலேயே விடை எழுதப்பட்டிருந்தது. அவற்றுள் பல அல்பினோவாக இருந்தன. பல நீள்கோடுடையவையாக இருந்தன. காட்டில் மிக அரிதான நிறம் ஒரு கூட்டத்தில் மிகுந்து காணப்படுமாயின், அக்கூட்டத்தின் முன்னோர் காட்டிலிருந்து வந்தவை அல்ல. வளர்ப்புப் பெட்டியிலிருந்து வந்தவை. மனிதர் விரும்பித் தேர்ந்த நிறமே மனிதரின் தவற்றுக்குச் சாட்சியாக நின்றது.

வெளிறிய பாம்பு வெளியே பிழைக்காது என்பதே பொதுவான நம்பிக்கை. கலிபோர்னியாவுக்கு அது பொருந்தும். கிரான் கனேரியாவிலோ பாம்பை வேட்டையாடிப் பழகிய விலங்குகள் மிகச்சில. ஆண்டின் பெரும்பகுதியை அப்பாம்புகள் மண்ணுக்கடியிலும் கல்லிடுக்கிலுமே கழிக்கின்றன. இரையோ எங்கும் நிறைந்திருந்தது. நிறத்தைச் சோதிக்கும் கண்கள் இல்லாத நிலத்தில் எந்த நிறமும் பிழைத்துவிடும் என்பதை அத்தீவு காட்டியது.

அதற்கான விலையைப் பூர்விக உயிர்கள் கொடுத்தன. பாம்பு பரவிய இடங்களையும் பரவாத இடங்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2021ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. பாம்பு பரவிய இடங்களில் பெரும்பல்லிகளின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்திருந்தது. அரணைகள் 80 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்திருந்தன. மரப்பல்லிகளும் பாதிக்கும் மேலாகக் குறைந்துவிட்டன. விதைகளைச் சுமந்து செல்லும் பல்லி மறைந்தால், அவ்விதைகளிலிருந்து முளைக்க வேண்டிய செடிகளின் எதிர்காலமும் கேள்விக்குறியாகும். பல்லிகளை உண்ணும் பறவைகளின் உணவும் குறையும்.

பாம்புகளை அகற்றும் பணி பல்லாண்டுகளாக நடைபெறுகிறது. பொறிகள் வைத்தும், களப்பணியாளர் கையால் பிடித்தும், பொதுமக்கள் தரும் தகவலைக்கொண்டும் ஆயிரக்கணக்கான பாம்புகள் பிடிக்கப்பட்டுள்ளன. ஆயினும் மண்ணுக்குள் மறைந்து வாழும் உயிரை முற்றிலும் அகற்றுதல் எளிதன்று. அரசப்பாம்பை அயல் ஊடுருவல் உயிரினமாக ஸ்பெயின் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2022ஆம் ஆண்டில் தன் தடைப்பட்டியலில் அதனைச் சேர்த்தது. தாயகத்தில் கிலுகிலுப்பைப் பாம்பை உண்டு சமநிலை காக்கும் அதே உயிர், அயல் நிலத்தில் பேரழிவாக மாறியது. பாம்பு தன் இயல்பின்படியே வாழ்ந்தது. அதனைக் கொண்டுவந்தோரும், காவாது விட்டோரும், வேண்டாமென்று வெளியே விட்டோருமே இவ்விளைவுக்குப் பொறுப்பாவர்.

தேர்வும் பொறுப்பும்

சான் டியேகோவின் குன்றுகளில் வளையமும் நீள்கோடும் இன்றும் அருகருகே வாழ்கின்றன. அங்கே எந்தக் கோலமும் முழுமையாக வென்றுவிடவில்லை. எதுவும் முழுமையாகத் தோற்கவும் இல்லை. மாறும் சூழலுக்கு ஈடுகொடுக்க ஓர் இனம் தன்னிடம் வைத்திருக்கும் சேமிப்பே இவ்வேறுபாடு. வளர்ப்புப் பெட்டியிலோ ஒரு நிறத்தைப் பெறுவதற்காக மற்ற வேறுபாடுகள் கைவிடப்படுகின்றன.

இயற்கையின் தேர்வில் தவறு நேர்ந்தால் அத்தவறு அவ்வுயிரோடு முடிந்துவிடும். மனிதரின் தேர்வில் தவறு நேர்ந்தால், அதனைத் தேர்ந்தவர் தாங்குவதில்லை. கடல்கடந்து வாழும் ஒரு பல்லி தாங்குகிறது. ஓர் உயிரின் வண்ணத்தைத் தேரும் உரிமையை மனிதர் எடுத்துக்கொண்டால், அவ்வுயிர் இறுதிவரை எங்கே, எவ்வாறு வாழும் என்பதற்கான பொறுப்பையும் அவர்களே ஏற்க வேண்டும். அப்பொறுப்பை ஏற்க இயலாதவர் அவ்வுரிமையை எடுத்துக்கொள்ளாதிருத்தலே அறம்.

கற்பவை கற்றபின்

1. 'ஒரு நிறத்தின் மதிப்பு அதனைக் காணும் கண்களிலும் அடங்கியுள்ளது' – பாடத்தில் இடம்பெற்ற ஆய்வுகளைக் கொண்டு இக்கூற்றை விளக்குக.

2. இயற்கைத் தேர்வுக்கும் மனிதரின் தேர்வுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.

3. அல்பினோ பாம்பு கலிபோர்னியாவில் பெருகாமைக்கும் கிரான் கனேரியாவில் பெருகியமைக்கும் உரிய காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.

4. உங்கள் பகுதியில் வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய செடி அல்லது விலங்கு ஒன்றைக் கண்டறிந்து, அது வந்த வழியையும் அதனால் விளைந்த மாற்றங்களையும் வகுப்பறையில் கலந்துரையாடுக.